உப்பு விளையும் போது இறங்கித் தள்ளவும்

அவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

காலை எட்டு மணி இருக்கும். உப்பளத்தின் நடு வரம்பு அது. இரண்டு பக்கமும் பாத்திகள், பாத்திகளில் வெள்ளை ஏறத் தொடங்கியிருந்தது. வரம்பின் மேல் சிவப்புக் கிரவல் மண் கொட்டி இறுக்கியிருந்தார்கள். நான் எதிர்ப்பக்கத்திலிருந்து நல்ல வேகத்தில் மிதித்து வந்தேன்.

வெள்ளைச் சாரன், தலையில் ஓலைத் தொப்பி, அறுபத்தைந்து வயது மதிக்கலாம். சைக்கிள் பழையது. ஆனால் செயினில் எண்ணெய் மினுங்கியது, இரண்டு டயரும் விறைப்பாக நின்றன. இதையெல்லாம் கவனித்தேன். கவனித்தும், அண்ணன் முறை வைத்துக் கேட்டேன்:

"காத்துப் போயிட்டா நானா? என்னட்ட பம்ப் இரிக்கி."

"காத்தெல்லாம் கல்லாட்டம் இரிக்கி. நீங்க மொதல்ல எறங்குங்க."

இறங்கினேன். அவர் எனக்குப் பின்னால் விரலை நீட்டினார். நான் வந்த வழி நெடுக, இடுப்பு உயரத்தில் ஒரு சிவப்புத் திரை தொங்கிக்கொண்டிருந்தது. காற்று கொஞ்சம்தான். திரை மெல்ல இடப்பக்கம் சாய்ந்து வெள்ளைப் பாத்திகளின் மேல் இறங்கியது.

அவர் குனிந்து, பாத்தி ஓரத்தில் ஒரு பிடி உப்பு அள்ளினார். சட்டைப் பையிலிருந்து வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து விரித்து அதில் பரப்பினார். கைக்குட்டை வெள்ளையாக இருந்தது. உப்பு இளஞ்சிவப்பாக இருந்தது.

"சாப்பாட்டு உப்பா போக இரிந்தத கருவாட்டு உப்பாக்கிட்டீங்க. என்ன தொழில் பாக்கிறீங்க?"

"பத்திரிகையில இருந்தேன்."

"அப்ப விசாரிச்சிட்டு வந்திரிக்கலாமே."

நாற்பது வருட உத்தியோகத்தில் மந்திரிகளும் பொலிஸ்காரரும் என்னை ஏசியிருக்கிறார்கள். இவ்வளவு சுருக்கமாக யாரும் ஏசியதில்லை.

வரிசைக் காலத்துச் சைக்கிள்

பெட்ரோல் தட்டுப்பாட்டில் வரிசையில் இரண்டு இரவு படுத்த கதையைச் சென்ற வாரம் இந்தப் பத்தியில் எழுதியிருந்தேன். அந்த வரிசையின் முடிவில் எனக்குப் பெட்ரோல் கிடைக்கவில்லை, சைக்கிள் கிடைத்தது. புத்தளத்தில் அலுமாரி செய்யும் நண்பர் ஒருவர் தன் பட்டறை மூலையில் கிடந்ததைத் துடைத்துத் தந்தார். "பெட்ரோல் வந்த ஒடனே தந்திரு" என்றார். பெட்ரோல் வந்தது. நான் தரவில்லை. அவரும் கேட்கவில்லை, ஏனென்றால் அவருக்கு அதைவிட நல்ல சைக்கிள் ஒன்று இருந்தது.

எங்கள் பக்கம் சைக்கிளுக்கென்றே படைத்த நிலம். புத்தளத்திலிருந்து கற்பிட்டி வரை நீங்கள் ஏற வேண்டிய மிகப் பெரிய ஏற்றம் ஒரு மதகு. வழி தவறவும் முடியாது. மின்னிலையத்தின் புகைபோக்கி ஒரு பக்கம், காற்றாலைகள் இன்னொரு பக்கம், எங்கே நின்றாலும் இரண்டும் தெரியும்.

ஏற்றம் இல்லை என்று சொன்னேன். அது பாதி உண்மை. இங்கே காற்றுதான் மலை. தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் வடக்கே போவது இறக்கம், தெற்கே திரும்புவது ஏற்றம். ஒரு தடவை கற்பிட்டிக்கு இரண்டு மணித்தியாலத்தில் பறந்து போனேன். திரும்பி வர மத்தியானம் கழிந்து அஸர் தொழுகைக்குப் பாங்கும் சொல்லிவிட்டார்கள்.

பெரிய வீதியில் ஓடுவது எனக்குப் பிடிக்காது. மரக்கறி லொறிக்காரர்கள் நல்ல மனிதர்கள்தான், ஆனால் அவர்களுக்கு நேரம் இல்லை. ஆகவே வாகனம் வராத பாதைகளைத் தேடி ஒரு கொப்பியில் குறிக்க ஆரம்பித்தேன். சிலாபத்துப் பக்கம் ஒல்லாந்தர் வாய்க்கால் கரை: நிழல் உண்டு, நாய் நான்கு, கடிக்கும் நாய் ஒன்று. வண்ணாத்திவில்லுவுக்கு அப்பால் மரமுந்திரித் தோட்டங்களுக்கு நடுவே போகும் செம்மண் பாதை: வீட்டுக்கு வந்து காதைக் கழுவ வேண்டும். கற்பிட்டிப் பக்கம் தென்னந்தோட்டங்களின் ஊடே ஒரு மாதா கோவிலிலிருந்து இன்னொரு மாதா கோவிலுக்குப் போகும் மணல் கலந்த கிரவல்: எதிரே வந்த வாகனம் எதுவும் இல்லை, கழுதை பதினொன்று.

கழுதைகளைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் உப்பும் பாக்கும் சுமக்கக் கொண்டுவந்தவையாம். இப்போது சுமை இல்லை, சொந்தக்காரரும் இல்லை, ஆனால் வழி விடும் பழக்கமும் இல்லை. மணி அடித்தால் பார்க்கும். பார்த்துவிட்டு நிற்கும். சுற்றிக்கொண்டு போக வேண்டியது நீங்கள்தான்.

வெங்காயமா, விருந்தாளியா

அந்தக் கொப்பியைக் கேட்டு வந்தவள், கடற்கரை ஊரான ஆலங்குடாவின் ரிஸானா. வீட்டுக்குப் பின்னால் மூன்று அறை கட்டி விருந்தாளிகளுக்கு விடுகிறாள். காற்று வீசும் மாதங்களில் பட்டம் கட்டி அலையில் சறுக்க வரும் வெள்ளைக்காரர்களால் மூன்று அறையும் நிறைந்திருக்கும். காற்று நின்றால் ஆளும் நின்றுவிடும். மீதி மாதங்களில் அந்த அறைகளில் பல்லிதான் குடியிருக்கும்.

கட்டாரில் வேலை செய்யும் அவள் கணவர் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் போன் எடுத்து ஒரே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். கற்பிட்டியில் ஒரு வெங்காய வியாபாரி களஞ்சியத்துக்கு இடம் தேடுகிறார், வருடம் முழுக்க எடுப்பார், கொடுத்துவிடு என்று.

"நான் சொவருக்கு நீல நெறம் அடிச்சது வெங்காயம் பாக்கிறதுக்கா நானா?" என்று ரிஸானா என்னிடம் கேட்டாள்.

அவளுக்கு ஒரு யோசனை இருந்தது. காற்று இல்லாத மாதம் சைக்கிளுக்கு நல்ல மாதம். கொழும்பில் ஒரு சைக்கிள் கூட்டத்தாரோடு பேசி எட்டுப் பேரை வரச் சம்மதிக்க வைத்துவிட்டாள். நாள் முழுக்க ஒரு சுற்று: கடற்கரை, தென்னந்தோட்டம், கடல்நீர் ஏரியான களப்பின் கரை, திரும்ப ஆலங்குடா. பிடித்தால் ஒவ்வொரு வருடமும் வருவோம் என்று சொல்லியிருந்தார்கள். ஒரேயொரு நிபந்தனை.

"பெரிய ரோட்டுல ஒரு அடிகூட ஓடேலாதாம் நானா. குறுக்கால கடக்கலாமாம், ஓடேலாதாம். எழுதிக் கேட்டிரிக்காங்க. நானும் பெரிய ரோடு வராதுண்டு எழுதிக் குடுத்திட்டேன்."

"யாரைக் கேட்டு எழுதிக் குடுத்தீங்க?"

"ஒங்கட கொப்பியக் கேட்டு."

கணவருக்கும் அவள் தவணை கொடுத்திருந்தாள். இந்த எட்டுப் பேரும் திருப்தியாகப் போகாவிட்டால், அடுத்த மாதம் வெங்காயம் உள்ளே வரலாம்.

கேட்காமல் விட்ட கேள்வி

என்னுடைய முதல் செய்தி ஆசிரியர் மேசையில் ஐந்து விரலையும் விரித்து வைத்துக்கொண்டுதான் எங்கள் செய்திகளை வாசிப்பார். யார், என்ன, எங்கே, எப்போது, எப்படி. பதில் கிடைக்கக் கிடைக்க ஒவ்வொரு விரலாக மடக்குவார். ஒரு விரல் மிஞ்சினாலும் தாள் திரும்பி வரும்.

ரிஸானாவின் சுற்றை நான் ஒழுங்காகத்தான் விசாரித்தேன். தூரம் அளந்தேன். தென்னந்தோட்டக் காவலாளியிடம் அனுமதி கேட்டேன். நாய்களை எண்ணினேன். களப்புப் பக்கத்துக் கிரவல் பாதையையும் தென்னந்தோட்டத்தையும் இணைக்க ஒரு வழிதான் இருந்தது, அந்த உப்பள வரம்பு. ஒரு கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அதை விட்டால் பெரிய வீதி. வரம்பில் இரண்டு முறை ஓடிப் பார்த்தேன். யாரும் மறிக்கவில்லை. கிரவல் நன்றாக இறுகியிருந்தது, புழுதி ஒரு துளி இல்லை. கொப்பியில் எழுதினேன்: "மிகச் சிறந்த பகுதி. வருடம் முழுவதும் திறந்திருக்கும்."

நான் ஓடியது மாரி மழை விட்ட கையோடு. வரம்பு ஈரம். பாத்திகளில் உப்பு இல்லை, மழைத் தண்ணீரும் கொக்கும்தான். யாரும் மறிக்காததற்குக் காரணம் மறிக்க யாரும் அங்கே இல்லாததுதான். விருந்தாளிகள் வரப் போவதோ பங்குனியில், உப்பு விளையும் நேரத்தில்.

ஒரு விரல் மடங்காமல் நின்றிருக்கிறது. நான் பார்க்கவில்லை.

கைக்குட்டைக்காரரைச் சந்தித்த காலை, கடைசித் தடவையாகச் சரிபார்க்கப் போன காலை. அடுத்த வாரச் சனிக்கிழமை எட்டுப் பேர் வர, ஒன்பது நாள் இருந்தது.

முள்ளுக் கட்டு

அவர் பெயர் மஹ்ரூப் நானா. ஏழெட்டுச் சிறு உப்புக்காரர்களின் பாத்திகளுக்கு ஒரே காவல். மறுநாள் ரிஸானாவையும் கூட்டிக்கொண்டு போனேன். வரம்பின் வாயில் ஈச்ச முள்ளை ஒரு கட்டாகக் கட்டிப் போட்டிருந்தார். என் வருகைக்கான பதில் அது.

"நாங்க ஓட மாட்டம் நானா. எறங்கித் தள்ளிட்டுப் போவம்," என்றாள் ரிஸானா.

"போன வருசமும் கொஞ்சப் பேர் அப்பிடித்தான் சொன்னாங்க. அந்த வளைவு மட்டும் தள்ளினாங்க. நான் மறைஞ்ச ஒடனே ஏறிட்டாங்க. ஒரு பாத்தி முழுக்க மிளகாத்தூள் போட்ட மாதிரி."

"நான் கூடவே வாறன்."

"எட்டுப் பேருக்குப் பின்னாலயும் ஒரே நேரத்துல ஒங்களால வரேலுமா? ட்ராக்டரக்கூட நான் விடுறதில்ல, மகள். உப்ப அள்ளிக் குவிச்சிக் கிடுகால மூடின பொறகுதான் அதுக்கே வழி. என்ட சைக்கிளையே நான் தள்ளிட்டுத்தான் போறன். இருவத்தேழு வருசமா."

"இருபத்தேழு வருசம் நடந்தே போறதுக்கு ஏன் நானா சைக்கிள்?" என்று கேட்டேன்.

"வரம்பு முடிஞ்ச பொறகும் ரோட்டு இரிக்கே தம்பி. வீட்டுக்கு நாலு மைல்."

 ரிஸானா முள்ளுக் கட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள். திரும்பி வரும் வழியில் பெரிய வீதியைக் கடக்க நின்றபோது ஒரு லொறி ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. வெங்காய லொறி. அவள் அதன் பின்பக்கம் மறையும் வரை பார்த்தாள்.

காயாத பாவாடை

வேலை பழகிய கண் சும்மா இருக்காது. அன்று வீட்டுக்கு வந்த பிறகுதான் ஒன்று நினைவில் தட்டியது. வரம்பின் கடைசியில் மதகுக்குப் பக்கத்தில் ஒரு பத்தடி இடம் கறுப்பாக இருந்தது. எண்ணெய் சிந்திய மாதிரி. முந்திய நாள் நான் கிளப்பிய சிவப்புத் திரையிலும் அந்த இடத்தில் ஒரு ஓட்டை இருந்தது. நான் அதற்கு மேலாலும்தான் ஓடி வந்தேன். அங்கே மட்டும் புழுதி எழும்பவில்லை.

அடுத்த நாள் காலை மஹ்ரூப் நானா இல்லாத நேரமாகப் பார்த்துப் போகவில்லை. இருக்கும் நேரமாகப் பார்த்தே போனேன். முள்ளுக் கட்டுக்கு வெளியே சைக்கிளை விட்டுவிட்டு நடந்து போனேன். அந்த இடத்தில் மேரி அக்கா வாளியை வைத்துவிட்டு இளைப்பாறிக்கொண்டிருந்தார். கற்பிட்டிப் பக்கத்தவர், உப்பு அள்ளும் பெண்களுக்கு மூத்தவர்.

"இந்த இடம் ஏன் அக்கா காயுறதில்ல?"

"கசப்புத் தண்ணி ஐயா. உப்ப வாரி எடுத்த பொறகு பாத்தியில மிஞ்சுற தண்ணி. அத இந்த மதகாலதான் வாய்க்காலுக்கு விடுறது. வாளியால எறைக்கேக்க இதில சிந்தும். அது லேசில காயாது. என்ட பாவாடையில பட்டா பகல்ல காய்ஞ்ச மாதிரி இருக்கும், விடிய எடுத்துப் பாத்தா திரும்ப ஈரம். எங்கட மனுசன் கேப்பார், நீ வேலைக்குப் போறியா கடல்ல குளிக்கப் போறியாண்டு."

நான் குனிந்து கிரவலைத் தொட்டேன். குளிர்ச்சியாக, களிபோல இருந்தது. செருப்பால் தேய்த்தேன். ஒன்றும் எழும்பவில்லை.

அப்போது மஹ்ரூப் நானா சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்தார். நான் தேய்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்த மேரி அக்காவே, நான் கேட்க நினைத்ததைக் கேட்டுவிட்டார்:

"நானா, இந்தத் தண்ணிய வரம்பு முழுக்க ஊத்தினா என்ன?"

"ஊத்தினா பாத்திக்குள்ள வழியும். உப்புக் கசக்கும். அப்ப கருவாட்டுக்கும் ஆகாது."

"ஊத்த வேணாம். தெளிக்கலாமே. நடுவால மட்டும்."

மஹ்ரூப் நானா வரம்பின் நீளத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஆரு தெளிக்கிற? இவங்களுக்கு உப்புச் சொமக்கிற வேலையே தலைக்கு மேல இரிக்கி."

"பிழை விட்டவன் தெளிப்பான்," என்றேன்.

அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். "அப்ப சரி. ஆனா நான் துணி பிடிச்சிப் பாப்பன். செவப்பு விழுந்தா முள்ளு திரும்ப வரும். சனிக்கிழமையா இரிந்தாலும் சரி, கொழும்பா இரிந்தாலும் சரி."

ஒரு முழ அகலக் கோடு

எட்டுப் பேரும் வருவதற்கு முந்திய நாள், வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு தொடங்கினோம். ரிஸானாவின் பூவாளிகள் இரண்டு, பள்ளித் தோட்டத்திலிருந்து இரவல் வாங்கிய ஒன்று. தெளித்தது நானும் ரிஸானாவும். போதாது என்று கண்டு, கேட்காமலேயே மேரி அக்காவும் மூன்றாவது பூவாளியை எடுத்தார். மஹ்ரூப் நானா பூவாளியைத் தொடவில்லை. எங்களுக்கு முன்னால், எங்களைப் பார்த்தபடி பின்னோக்கி நடந்துகொண்டே, "இடப்பக்கம் கூடிட்டு, கைய உயத்துங்க, மகள் அது ரோசாச் செடி இல்ல" என்று கட்டளை மட்டும் கொடுத்தார்.

ஒரு முழ அகலம். அதற்கு மேல் ஒரு விரல்கூட அவர் விடவில்லை. பொழுது சாயும்போது சிவப்பு வரம்பின் நடுவே ஒரு கறுப்புக் கோடு, மதகிலிருந்து தென்னந்தோட்டம் வரை. எனக்கு முதுகு நிமிரவில்லை. பத்திரிகையில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், ஒன்றையும் இப்படிக் குனிந்து திருத்தியதில்லை.

சனிக்கிழமை காலை எட்டுப் பேரும் வந்தார்கள். பளபளக்கும் சைக்கிள்கள், பளபளக்கும் தொப்பிகள், தலைவர் ஒரு பல் வைத்தியர். தென்னந்தோட்டத்துக் கழுதைகளோடு படம் பிடித்து முடித்து உப்பளத்துக்கு வந்து சேர ஒன்பது மணி. முள்ளுக் கட்டு ஒரு பக்கமாக ஒதுக்கி வைத்திருந்தது. தூக்கிப் போட்டுவிடவில்லை, ஒதுக்கித்தான் இருந்தது.

ரிஸானா எல்லோரையும் நிறுத்தி விளக்கினாள். ஒருவர் பின் ஒருவர். கோட்டின் மேல் மட்டும். முந்தப் பார்க்க வேண்டாம்.

"கோட்டைவிட்டு இறங்கினால்?" என்று பல் வைத்தியர் கேட்டார்.

"நான் வெங்காயக் கடை வைக்கணும்," என்றாள் ரிஸானா. அவர் அதைப் பகிடி என்று நினைத்துச் சிரித்தார்.

முதலில் நான் போனேன். வரம்பின் நடுவில், ஒரு பாத்தி ஓரத்தில் மஹ்ரூப் நானா கைக்குட்டையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, பந்தயத்துக்குக் கொடி காட்டுபவர்போல நின்றார். சக்கரங்களுக்குக் கீழே ஈரமான சத்தம். இரண்டு பக்கமும் வெள்ளை, தலைக்கு மேல் ஒரு மேகமும் இல்லை. அவரைக் கடந்த பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்து எண்ணிக்கொண்டே போனேன். மூன்று பேர் அவரைக் கடந்தார்கள். நான்கு. ஐந்து.

ஆறாவது ஆள் பாத்தியில் நின்ற ஒரு நாரையைப் பார்த்துவிட்டார். முன்சக்கரம் ஒரு சாண் விலகியது. சிவப்பாக ஒரு கொத்துப் புழுதி எழும்பியது.

"கோட்டுல! கோட்டுல!" மஹ்ரூப் நானா, அவர் பக்கத்தில் நின்ற மேரி அக்கா, வரம்பின் வாயிலில் நின்ற ரிஸானா மூவரும் ஒரே குரலில் கத்தினார்கள். நாரை பறந்துவிட்டது. ஆள் கோட்டுக்குத் திரும்பினார்.

எல்லோரும் கடந்த பிறகு நான் சைக்கிளைப் போட்டுவிட்டு நடந்து வந்தேன், ரிஸானாவும் வந்து சேர்ந்தாள். மஹ்ரூப் நானா கைக்குட்டையைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். குனிந்து ஒரு பிடி உப்பு அள்ளினார். அதைத் துணியில் பரப்பி வெகுநேரம் பார்த்தார். 

"எது உப்பு, எது துணியெண்டு எனக்கு வெளங்குதில்ல," என்றார் மஹ்ரூப் நானா. உப்பைக் கைக்குட்டையோடு முடிந்து ரிஸானாவிடம் கொடுத்தார். "பகல் கறிக்குப் போடுங்க."

அன்று பகல் ஆலங்குடாவில் ஆட்களுக்கு முன் சைக்கிள்கள் குளித்தன. கசப்புத் தண்ணி இரும்பைத் தின்னும் என்று மேரி அக்கா எச்சரித்திருந்தார். எட்டையும் கிணற்றடியில் நிறுத்திக் கழுவிய பிறகுதான் பாரை மீன் கறியும் சோறும். கறிக்கு உப்புப் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். பல் வைத்தியர் அடுத்த வருடத்துக்கு இப்போதே மூன்று அறையும் வேண்டும் என்றார். ரிஸானா வெள்ளிக்கிழமைவரை காத்திருக்கவில்லை. அவளே கட்டாருக்குப் போன் எடுத்தாள்.

எட்டுச் சைக்கிள்தான் கழுவினோம். ஒன்பதாவது என்னுடையது. இரண்டு நாளில் செயின் துருப்பிடித்து, தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறத்துக்கு வந்துவிட்டது.

திருத்தம்

பத்திரிகையில் திருத்தத்தை உள்பக்கத்தில், கீழ் மூலையில், கண் தெரியாத எழுத்தில் போடுவோம். கொப்பியில் நான் அப்படிச் செய்யவில்லை. பழைய வரியை அடித்துவிட்டு முழுப் பக்கத்தில் எழுதினேன்: "வரம்பு மாரியில் திறந்திருக்கும். உப்பு விளையும் போது இறங்கித் தள்ளவும். முந்திய நாள் பின்னேரம் தெளித்திருந்தால் மட்டும், கோட்டின் மேல் ஓடலாம். மஹ்ரூப் நானாவைக் கேட்கவும்." ரிஸானா அதைப் பெரிதாக எழுதி நீலச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து, புதுச் செயின் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். விடிந்து கொஞ்ச நேரம்தான். முள்ளுக் கட்டு வாயில் கிடந்தது. அப்பால் வரம்பின் நடுவே கறுப்புக் கோடு புதிதாக ஈரமாக இருந்தது. விருந்தாளிகள் யாரும் வருவதாக ரிஸானா சொல்லியிருக்கவில்லை. சைக்கிளை வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்து போனேன்; மதகடியில் மேரி அக்கா வாளியோடு நின்றார். என்னைக் கண்டதும் வாயில் விரலை வைத்து, தூரத்தைக் காட்டினார்.

வரம்பின் மறுகோடியிலிருந்து ஓர் ஓலைத் தொப்பி வந்துகொண்டிருந்தது. இந்த முறை அது பக்கத்தில் நடக்கவில்லை. சைக்கிளுக்கு மேலே இருந்தது.

முதுகு நிமிர்ந்து, இரண்டு கையும் ஹாண்டிலை இறுக்கி, கண் கோட்டைவிட்டு அசையாமல், நடைக்கும் ஓட்டத்துக்கும் இடைப்பட்ட வேகத்தில் மஹ்ரூப் நானா வந்தார். பின்னால் புழுதி இல்லை. எங்களைக் கண்டுவிட்டார். ஆனால் இறங்கவில்லை.

கிட்ட வந்ததும் மணியை அடித்தார்.

"ஒதுங்குங்க," என்றார். "கோட்டுல நிக்கிறீங்க."